மோட்டருக்குள் ஒரு வீட்டுச் சாவி

"அக்கா, ஒங்க வீட்டுச் சாவி இன்னும் என் மோட்டருக்குள்ளதான் இருக்கு."

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த படகுக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார். நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு காதை மட்டும் முன்னால் அனுப்பினேன். போய்ப் பழகிய காதுதான்.

"அன்னைக்கு நடுத்தண்ணியில படகு நின்னப்ப என் உசிரே போயிருச்சு தம்பி. அக்கரையில பரீட்சை, மக படகுல அழுவுறா!"

"நான் என்ன செய்ய? டேம் தண்ணியில முங்கிக் கெடந்த பழைய கோயில் செவத்துல, தண்ணியத் தள்ளுற மோட்டர் காத்தாடி பட்டு, அதப் புடிச்சிருந்த பின்னு ஒடஞ்சிருச்சு. பழைய மோட்டரு, அந்தப் பின்னு கடையிலயும் இல்ல. ஒங்க சாவிக் கம்பிய வெட்டிச் சொருகினதும் ஓடிருச்சே!"

"நல்லா ஓடுச்சு! அந்திக்கு நாங்க பூட்ட ஒடச்சுத்தானே வீட்டுக்குள்ள போனோம்."

தூங்குகிறவன் சிரிக்கக் கூடாதே என்று நான் இருமினேன்.

"போகட்டும் தம்பி, மக பாஸாயிட்டா. ஒனக்குப் புண்ணியமா போகும்."

"இப்ப சரியான பின்னு கெடச்சிருச்சுக்கா. அந்தத் துண்டக் கழட்டித் தாரேன்."

"ஐயோ, கழட்டிறாத! சின்னவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை."