பன்னிரண்டு விதைகளில் இரண்டு

எனக்குச் செடி வளர்க்க வராது. இருபத்திரண்டு வருஷமாக விதைகளோடுதான் பிழைப்பு என்றாலும் ஒரு தொட்டிக்குக்கூட நான் தண்ணீர் ஊற்றியதில்லை. விசாரணை அதிகாரி ஐயா இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுத் தபால் வந்து இறங்கும் கிடங்கில் கழிவறைக்கு முந்தின அறை என்னுடையது. ஒரு மேசை, ஒரு லென்ஸ், ஒரு தராசு, ஒரு சூட்டுப்பெட்டி. கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஜனங்கள் அதன் வழியாகத்தான் என்னோடு பேசுவார்கள். இதே கிடங்கில் அப்பா மூட்டை தூக்கினார், நானும் தூக்கினேன். இடுப்பு விட்டுப்போனதும் பாவம் பார்த்து மேசை வேலை கொடுத்தார்கள். மூட்டை தூக்கிய காலத்தில் 'தள்ளுடா, தடிமாடு' என்று திட்டவாவது பக்கத்தில் ஒருவன் இருந்தான். மேசைக்கு வந்தபின் அதுவும் போயிற்று. வீட்டிலும் யாரும் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன்.

விதி ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வெளிநாட்டு விதை வேண்டுமென்றால் முதலில் இங்கே அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். விதை புறப்படும் ஊரில் ஓர் அதிகாரி பார்த்து, பூச்சி இல்லை, நோய் இல்லை என்று சான்றிதழ் தர வேண்டும். உறையின்மேல் செடியின் பெயரும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். அவர்கள் கம்ப்யூட்டரில் பூவைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிடுவார்கள், பொட்டலம் என்னிடம் மாட்டும். சான்றிதழ் இல்லாததைச் சூட்டுப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துக் கொன்ற பிறகே குப்பையில் போட வேண்டும். அப்படியே போட்டால் குப்பைமேட்டில் முளைத்துத் தொலைக்கும். பெட்டியை ஓட்டும்போதெல்லாம் நோட்டில் தேதி, பொட்டல எண், நேரம் எழுத வேண்டும். ஒரு நாளும் நான் எழுதத் தவறியதில்லை.

நர்ஸக்காவின் முதல் பொட்டலம் சான்றிதழ் இல்லாமல் வந்தது. அதைச் சுட்டேன். அது சரியான காரியம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் ஓட்டைக்கு வெளியே வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி நர்ஸ்.

"என் பொண்ணு அனுப்பினது தம்பி. அவ வீட்டு ஜன்னல்ல படர்ற நீலப் பூ. சுட்டுட்டீங்களாமே? நான் ஊசிதான் போட்டிருக்கேன், உங்க மாதிரி அடுப்புல போட்டதில்ல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மகளுக்கு அங்கே உடம்பு சரியில்லை. பயணம் செய்ய முடியாது. இவருக்கு முழங்கால் போய்விட்டது, அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. "ரெண்டு பேர் ஜன்னல்லயும் ஒரே பூ பூக்கணும்மா, பூத்ததும் படம் அனுப்பு" என்றாளாம் மகள். விதியை விளக்கி, படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். ஓட்டை வழியாகப் பேச முடியாதென்று கதவைத் திறந்து நாற்காலி போட்டேன். பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை மூடியில் ஊற்றி எனக்கு முதலில் நீட்டினார். முக்கால் மணி நேரம் இருந்தார். போகும்போது, "இடுப்பைச் சாய்ச்சு உக்காராதப்பா, இருக்கிறதும் போயிடும்" என்றார்.

என் இடுப்பைப் பற்றி யாரும் பேசி வெகுநாளாகியிருந்தது.

இரண்டாவது பொட்டலம் சகல காகிதங்களோடும் வந்தது. லென்ஸில் பார்த்தேன். கருப்பாக, கொழுகொழுவென்று நல்ல விதைகள். முத்திரை குத்திக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுத்தால் முளைக்கும். முளைத்தால் இவருக்கு இங்கே என்ன வேலை? பெட்டி ஏற்கெனவே சூடாக இருந்தது. ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, உறையை ஒட்டி முத்திரை குத்தினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மூன்று வாரத்தில் வந்தார். "ஒண்ணுகூட எட்டிப் பாக்கல தம்பி. என் கையில கட்டைகூடத் துளிர்க்கும். என்னமோ போ."

மண்ணைச் சலித்துப் போடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தார். வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னேன், மறுபடி வந்தார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவ்வளவு பொறுமை எனக்கு உண்டென்று எனக்கே தெரியாது.

மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் மகள் அங்கே சான்றிதழ் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். "மருந்து ஏத்திக்கிட்ட மறுநாளே போயி வரிசையில நின்னாளாம்பா. தலைமுடி கொட்டிப்போச்சு, துணியைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கா. சான்றிதழ் இல்லாம அனுப்ப முடியாதா?" என்று கேட்டார். முடியாது, விதி அப்படி என்றேன். விதி அப்படித்தான். நீங்களே பாருங்கள்.

அப்புறம் ஒரு மாதம் அவர் வரவில்லை. நாற்காலியைத் தினமும் துடைத்து வைத்தேன். வந்தபோது பிளாஸ்க் இல்லை.

"போயிட்டா தம்பி" என்றார். "கடைசியா போன்ல, முளைச்சுதாம்மான்னா. நாப்பது வருஷ வேலையில ஒரு நோயாளிகிட்டகூடப் பொய் சொன்னதில்ல. எம்பொண்ணுகிட்டச் சொன்னேன், முளைச்சுடுச்சுடா கண்ணுன்னு. படம் அனுப்புன்னா. நாளைக்கு அனுப்பறேன்னேன்."

அது பொய்யில் சேராது என்று ஆறுதல் சொன்னேன்.

அவர் கொண்டுவந்தது பொட்டலம் அனுப்பியதற்கான தபால் ரசீதின் நகல். மகள் சாவதற்கு ஆறு நாள் முன்னால் இன்னொரு பொட்டலம் போட்டிருக்கிறாள். "இதோட சரி. இனிமே அனுப்ப ஆளில்ல. பாத்துக் குடுப்பா."

பொட்டலம் இரண்டு நாளில் வந்தது. உறையின்மேல் கோணல் எழுத்தில் 'பன்னிரண்டு விதைகள்'. சான்றிதழ் சரியாக இருந்தது.

அதையுமா என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. யோசித்துப் பாருங்கள். இது முளைத்தால், முன்னால் வந்தவை ஏன் முளைக்கவில்லை என்று கேட்பார். நர்ஸ் இல்லையா, விடமாட்டார். தன்மேல் பழியைப் போட்டு அழுவார். அந்த வேதனை அவருக்கு எதற்கு? பத்தைச் சுட்டேன். இரண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பரிசோதனைக்கு இரண்டு எடுத்தோம் என்று அவரிடம் சொன்னேன், விதியில் அதற்கு இடமுண்டு. வீட்டுக்கு எடுத்துப்போக இடமில்லை. அதையும் குற்றத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சூட்டுப்பெட்டியைச் சோதிக்க வந்த மெக்கானிக் நோட்டைப் புரட்டி, பக்கத்திலிருந்த முத்திரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி அனுப்பிய நான்கு பொட்டலங்களின் எண்கள் அதில் ஏன் இருக்கின்றன என்று கேட்டார். பெட்டியை ஓட்டினால் எழுத வேண்டும், எழுதினேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கெட்ட எண்ணம் இருப்பவன் எழுதி வைப்பானா?

ஆம், நான்கையும் நான்தான் சுட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நர்ஸக்காவிடம் நீங்கள் சொல்லிவிட்டதாகவும், அவர் பாதியிலேயே எழுந்து போனதாகவும் சொன்னீர்கள். அவர் அப்படிப் போகிறவர் இல்லை, முழங்கால் வலியாக இருக்கும்.

எனக்குச் செடி வளர்க்க வராது என்றேன். ஆனால் அந்த இரண்டையும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டேன். இரண்டும் முளைத்தன. என் ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறி, போன வாரம் பூத்தும்விட்டன. நல்ல நீலம். காலையில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடுகிறது.

அவரிடம் வேறு எதையும் சொல்ல வேண்டாம், பூத்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மாடிப்படி இல்லை, தரைத்தளம்தான். எட்டு மணிக்கு வந்தால் நன்றாகப் பார்க்கலாம். இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.