கேன் தண்ணீரை ஜம்ஜம் என்று கொடுத்தது பற்றி

என் பெயர் சுப்ரிஹாத்தின், வயது 58, கணவர் காலமானவர். ஜாவாவில் தெகால் ஊரில் பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் குடியிருந்து, சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே போட்டு விற்று வருகிறேன்.

பதினொரு வருடம் சேர்த்ததை, மக்காவுக்கு உம்ரா யாத்திரை அழைத்துப்போவதாகச் சொன்ன ஃபத்லோலி என்பவரிடம் கட்டினேன். புறப்படுமுன் எங்கள் வழக்கப்படி தெருவையே கூப்பிட்டுச் சோறு போட்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பயணம் சொல்லிக்கொண்டேன். கஅபாவின் முன் தங்களுக்காகத் துஆ கேட்கச் சொல்லி அவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்கள் இரண்டு பக்கம் வந்தன. முதல் பெயர் பக்கத்து வீட்டு முர்னியின் கணவர் கார்யோ. அவருக்குப் பக்கவாதம்.

அதன் பிறகு அவருடைய ஆட்கள் என்னோடு சேர்த்து நாற்பத்தொரு பேரைப் பேருந்தில் ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் அறைக்கு ஆறு பேராக இறக்கி, நாளை விசா வரும் என்றார்கள். நான்காம் நாள் ஃபத்லோலியின் கைப்பேசி அணைந்துவிட்டது. சோறு போட்டு அனுப்பிவைத்த ஊரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒருவரும் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேதிவரை அங்கேயே கிடந்துவிட்டு, சந்தையில் பேரீச்சம்பழமும் தஸ்பீஹு மணிமாலையும் வாங்கிக்கொண்டு வந்தோம். நான் சின்னப் புட்டிகளில் கேன் தண்ணீரை நிரப்பி, மக்காவின் புனித நீர் ஜம்ஜம் என்று தெருவில் கொடுத்தேன். எல்லோரும் என்னைக் கட்டித் தழுவினார்கள். நானும் தழுவிக்கொண்டேன்.

அதன் பிறகு முர்னி தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அதில் ஒரு கரண்டி கணவருக்குப் புகட்டி வந்தாள். ஒரு மாதத்தில் அவர் இறந்தார். நாற்பதாம் நாள் ஓதியபோது முர்னி என் கையைப் பிடித்து, "அக்கா, ஜம்ஜம் நாக்குல பட்டுத்தான் அவரு போனாரு. அந்த நன்மை ஒங்களுக்குத்தான்" என்றாள். அதற்குமேல் தாங்காமல் எல்லோர் முன்பும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு என்னிடம் தெம்பே வாங்குவதை நிறுத்தினார்கள். காய்கறி வண்டியருகே, "கேன் தண்ணி ஹாஜியம்மா வாறாங்க, வழி விடுங்கடி" என்று சிரித்தார்கள். நானும் என்னைத் திட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டேன். பதினேழாம் நாள் முர்னி வந்து தட்டினாள். "பணத்த ஏமாந்ததுக்கு ஒங்கள யாரு என்ன சொன்னா? அந்த மனுசன் நம்பிக் குடிச்சாரே, அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. உள்ள ஒக்காந்து அழுதா ஆச்சா? கெளம்புங்க போலீசுக்கு" என்றாள். பேருந்தில் அவள் தனி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தாள்.

மற்ற நாற்பது பேரும் புகார் தரவில்லை. அவர்கள் வீடுகளிலும் பேரீச்சம்பழம் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் பெயர்களைக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன், அவரவர் வாயால் வரட்டும். என் பெயரை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது அதுவே, ஒரு சொல்லும் பொய்யில்லை. ஓரிடத்தில் என்னை 'உம்ராப் பயணி' என்று எழுதியிருந்ததை அடித்து, 'தெம்பே விற்பவர்' என்று திருத்தச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) சுப்ரிஹாத்தின்

சாட்சி: முர்னி, பக்கத்து வீடு