மாடியில ரேடியோ, கீழ லாண்டரி

...மெஷின போட மாட்டேன் தம்பி, எத்தன தடவ கேட்டாலும் இதே பதில்தான். உங்க துணி உள்ள கெடக்கு, சோப்புத்தூளும் போட்டாச்சு. ஆனா அந்தா, கதவுக்கு மேல சிவப்பு லைட்டு எரியுதுல்ல? அது எரியுற வரைக்கும் என் கட ஊமை. மாடியில பாடிட்டிருக்காங்க. ரேடியோ ஸ்டேஷன்! இந்த ஊருக்குன்னு அரசாங்கம் வெச்சது, முழுக்க முழுக்கப் பாட்டுதான். தெருவுக்குப் புதுசுங்கிறதால சொல்றேன், உக்காருங்க... ஐயோ, பெஞ்ச இழுக்காதீங்க! மேல கேக்கும்.

எல்லாம் என் மாமனார் செஞ்ச வேல. "ரெண்டு மைக்கு, ஒரு பியானோ, சத்தமே வராது"ன்னு வாடகைக்குக் கேட்டாங்களாம். இவரும் நம்பிக் குடுத்துட்டாரு. அவங்க சத்தம் போட மாட்டாங்கதான்... நம்மளயும் போட விட மாட்டாங்களே! அது மனுஷனுக்கு அப்பத் தோணல.

அந்தப் பியானோவ ஏத்தின கூத்து இருக்கே! படி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. எங்க வீடு அதுக்கும் மேல. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு வேற. புதுப்பொண்ணு பியானோவுக்கு அடியில தவழ்ந்து வீட்டுக்குப் போனேன், கேட்டுக்குங்க! கடைசியில படிக் கைப்பிடிய அறுத்து ஏத்தினாங்க. "நாளைக்கே மாட்டித் தரோம்"னாங்க. அந்த நாளை இன்னும் வரல.

மொத நாள் ஒலிபரப்பு. மேல ஒரு அம்மா உருகி உருகிப் பாடுறாங்க, கீழ என் வீட்டுக்காரரு கம்பளியப் போட்டு மெஷின சுத்த விட்டுட்டாரு. தடதடதடன்னு ஊரு பூரா கேட்டிருக்கு! ஸ்டேஷன் டைரக்டர் படியில உருளாத குறையா ஓடி வராரு. சண்டைக்குத்தான்னு இடுப்புல கைய வெச்சு நின்னா, முகமெல்லாம் பல்லு! "தாளம் யாரு வாசிச்சதுன்னு போன் மேல போன் வருது"ங்கிறாரு. சரி, அதோட விட்டாரா? மறுநாளே இந்த லைட்டக் கொண்டாந்து மாட்டிட்டாரு.

பாட வர்றவங்க இருக்காங்களே... "கொஞ்சம் இஸ்திரி போட்டுக் குடுங்கம்மா"ன்னு வந்து நிப்பாங்க. ரேடியோவுல யாருய்யா பாக்கப் போறான்னா, "சட்ட கசங்கினா குரலும் கசங்குதும்மா"ங்கிறாரு ஒருத்தரு. தேச்சுக் குடுத்தேன்.

போன வருஷம் தலைநகரத்துலேர்ந்து ஒரு அதிகாரி வந்தாரு. இத மூடிட்டு, அங்கேர்ந்தே எல்லா ஊருக்கும் பாட்டு அனுப்பப் போறாங்களாம். கூட்டம் போட்டு, "அதிகமா அவஸ்தப்பட்டது நீங்கதாம்மா, பேசுங்க"ன்னு அவரே என்னக் கூப்புட்டாரு. விடுவேனா? மைக்கப் பிடிச்சு ஒண்ணு விடாம கொட்டித் தீத்தேன். அவரும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, "ஆக, மூடிடலாம்?"னாரு பாருங்க... வந்துச்சே எனக்குக் கோவம்!

"மூடுறதுக்கு நீ யாருய்யா? எங்கேயோ இருந்து பாட்டு வந்தா, நான் யாரு கதவத் தட்டிச் சண்ட போடுவேன்? என் வீட்டுக்காரரு போனதுக்கப்புறம், காலையில கடயத் தெறந்தா எனக்குக் கேக்குற மொத மனுஷக் குரலே அதுதான்யா!"ன்னேன்.

ஹாலே எழுந்து நின்னு கை தட்டுது. நான் அழுதேன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. கண்ணுல தூசி.

ஸ்டேஷன் தப்பிச்சுது. தப்பிச்சா போதாதா? "ஊரு இவ்வளவு ஆசப்படுதே"ன்னு நேரத்தயும் கூட்டிக் குடுத்துட்டாங்க! முன்ன காலையில மட்டுந்தான். இப்பப் பொழுதன்னிக்கும் பாட்டு. நான் எப்பத் தொவைக்கிறது? யாரப் போயித் திட்டுறது? என்னத்தான்!

தம்பி...? எங்க எழுந்துட்டீங்க? வாசல் இந்தப் பக்கம். அது மாடிப்படி... ஓ, கேக்கப் போறீங்களா? போங்க, போங்க, கேக்க வர்றவங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்க. ஷூவக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க, கதவ மெதுவா சாத்துங்க. அப்புறம்... தம்பி! மொத வரிசையில அந்த ஓரத்து நாற்காலியில மட்டும் உக்காந்துராதீங்க. அது என்னோடது!