நாகையாவுக்கு மட்டும் ஒரு தாள்

கோலாலம்பூர் வெயிலில் ஜெலட்டின் தட்டு காலை ஒன்பது மணிக்கு மேல் தாங்காது. இளகிக் கூழாகிவிடும். ஆகவே படி எடுக்கும் வேலையை நான் எப்போதும் விடிந்ததும் விடியாததுமாக முடித்துவிடுவேன். ஊதா மையால் ஒரு தாளில் எழுதி, அதைத் தட்டின்மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து தட்டில் பதிந்துகொள்ளும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து உரித்து எடுக்க வேண்டியதுதான். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. என்னிடம் பொறுமை உண்டு.

என் பெயர் தம்புசாமி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். வயது நாற்பத்தெட்டு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுற்றுவட்டாரம் வரையுள்ள தமிழ் வாத்தியார்கள் எங்கள் பாடசாலைக்குப் பயிற்சிக்கு வருவார்கள். பெரும்பாலும் தோட்டப் பாடசாலைக்காரர்கள். அறுபது பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர்கள். அவர்களுக்காக ஆங்கிலத்தில் வரும் கற்பித்தல் குறிப்புகளைத் தமிழாக்கி, 'ஆசிரியர் துணை' என்ற பெயரில் மாதம் ஒரு தாள் கொடுக்கும் பொறுப்பை மேலிடம் என்னிடம் ஒப்படைத்திருந்தது. மொத்தம் முப்பத்து நான்கு பேர். முப்பத்து மூன்று தாள்களைத் தட்டில் படி எடுத்தேன். ஒன்றை மட்டும் தனியாகக் கையால் எழுதினேன். தாங்கள் நடத்தும் விசாரணை அந்த ஒன்றைப் பற்றியது என்பதால் அதை விளக்குகிறேன்.

அந்தத் தாள் நாகையாவுக்கு உரியது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் வாத்தியார். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகாதவர். அச்சிலோ மையிலோ இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் சுபாவம். பயிற்சி முடிந்ததும் கிள்ளான் ரயிலைப் பிடிக்க ஓடுவார். மற்றவர்களோடு தாளை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. இதை நான் கவனித்திருந்தேன் என்று சொல்வதில் தவறில்லை. ஒரு பயிற்சியாளன் பயிற்சி பெறுபவர்களைக் கவனிக்கத்தானே வேண்டும்.

முதல் தாளில் ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சேர்த்தேன். ஆசிரியர் இடது காதில் ஒரு சாக்கட்டியைச் செருகிக்கொண்டால் பிள்ளைகளின் கவனம் சிதறாது என்பது அந்த வரி. அடுத்த மாதம் அவர் காதில் சாக்கட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். டிக்கெட் பரிசோதகர் அதைச் சுருட்டு என்று நினைத்து, பெட்டிக்குள் பற்றவைக்கக் கூடாது என்று எச்சரித்தாராம்.

"நல்லா வேலை செய்யுது அண்ணே. புள்ளைங்க எல்லாம் என் காதையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க" என்றார் நாகையா.

எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. வீட்டில் என் மனைவி வீரம்மா உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, சிரிக்கிறீங்களா?"

"இல்லை."

"கல்யாணம் ஆனதிலேருந்து நான் இதப் பாத்ததே இல்லியே. உடம்புக்கு ஏதும் இல்லியே?"

அடுத்த தாளில் வாய்பாடு. பின்னோக்கி நடந்தபடி வாய்பாடு ஒப்பித்தால் மறதி வராது என்று எழுதினேன். நாகையா தம் அறுபத்திரண்டு பிள்ளைகளையும் ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசையாகப் பின்னோக்கி நடத்தினார். நான்கு பேர் பால் வாளியில் உட்கார்ந்துவிட்டார்கள். ரப்பர் பால் காய்ந்துவிட்டால் பாவாடை அதற்குமேல் பாவாடையாக இராது, பலகை ஆகிவிடும். கங்காணி வந்து சத்தம் போட்டாராம். ஆனாலும் பிள்ளைகள் பதினாறாம் வாய்பாடு வரை போய்விட்டார்கள் என்று நாகையா பெருமையாகச் சொன்னார். இதை ஒரு நற்பயன் என்றே நான் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் தாளைப் பற்றித்தான் தாங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதன் தலைப்பு 'பாடசாலைத் தலைமைப் பண்பு'. ஒரு தலைவர் 'இல்லை', 'முடியாது', 'கூடாது' ஆகிய மூன்று சொற்களையும் நவம்பர் முடிவு வரை வாயால் சொல்லாமல் இருந்து பழக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்தக் கருத்தில் இன்றைக்கும் எனக்கு முழுத் தவறு தெரியவில்லை. தோட்டத்தில் இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று தெரியாது. ஒரே வாரத்தில், வாத்தியாரிடம் எதைக் கேட்டாலும் சரி என்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை விடுமுறை கேட்டார்கள், கிடைத்தது. கடைக்காரர் அரிசி மூட்டைகளை அடுக்க இடம் கேட்டார், கிடைத்தது. மழைக்காலம் முடியும் வரை தம் ஆடுகளைப் பாடசாலைக்குள் கட்டிக்கொள்ளலாமா என்று கங்காணி கேட்டார். பதினோரு ஆடுகள். முதல் வகுப்புக்குப் பின்னால் கட்டினார்கள்.

"ஆடு சத்தம் போட்டா பாடம் நடக்குமா தம்பி?" என்று அக்கறையோடு விசாரித்தேன்.

"அதுங்க சத்தம் போடறப்ப நாங்க நிறுத்திக்குவோம் அண்ணே. அப்புறம் அதுங்க நிறுத்திக்கும். பழகிப்போச்சு."

தோட்டத்து வாத்தியாருக்கு வேலையும், தோட்டம் கொடுக்கும் லயத்து வீடும் ஒன்றாகவே வரும், ஒன்றாகவே போகும். தோட்டத்துத் துரை ஒருநாள் பாடசாலைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் நாகையா மறுநாள் மூட்டை கட்டியிருப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன் என்று தாங்கள் குறித்துக்கொள்ளலாம். துரை எட்டிப் பார்க்கவில்லை. அது என் கையில் இல்லாத விஷயம்.

தை மாதத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகன் நாகையா. மணமகள் கங்காணியின் தங்கை வள்ளியம்மா. முப்பத்து மூன்று வயது. அவள் கூப்பிட்டால் அடுத்த தோட்டத்து ஆடுகளும் திரும்பிப் பார்க்கும் என்று சொல்வார்கள்.

"கங்காணி கேட்டாரு அண்ணே, நான் சரின்னுட்டேன்" என்றார் நாகையா.

அப்போது என் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது உண்மை. ஒரு மனிதனின் வாழ்க்கையையே ஒரு தாளால் முடிச்சுப் போட்டுவிட்டேனே என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. கல்யாணத்துக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாணமான மறுவாரமே ஆடுகளும் அரிசி மூட்டைகளும் வெளியே போய்விட்டன. நாகையா சொல்லாத மூன்று சொற்களையும் வள்ளியம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை விடுமுறையும் நின்றது. ஆக, பாடசாலை சீராகிவிடும் ஆபத்து இருந்தது. ஆபத்து என்ற சொல்லைத் தாங்கள் விரும்பினால் அடித்துவிடலாம்.

பாடசாலை இன்ஸ்பெக்டர் துரை ஆகஸ்டு மாதம் மூன்றாம் புதன்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஜூலைத் தாளில், ஆசிரியர் புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணி வரை வாய் திறக்காமல் பாடசாலையை நடத்த வேண்டும் என்று எழுதினேன். யார் வந்து எது கேட்டாலும் பேசக் கூடாது என்பதை அடிக்கோடிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு எதிரே ஊமையாக நிற்கும் வாத்தியாரின் கதி என்னவாகும் என்று நான் யோசிக்கவில்லை என்றால் அது பொய். நிதானமாக யோசித்தேன்.

நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். இன்ஸ்பெக்டர் துரை தமிழ்ப் பரீட்சை தேறிய வெள்ளைக்காரர். உள்ளே வந்து வணக்கம் சொன்னாராம். நாகையா கும்பிட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினாராம். எத்தனை பிள்ளைகள் என்று துரை கேட்க, நாகையா பிள்ளைகள் பக்கம் கையை நீட்ட, ஒரு சிறுமி எழுந்து, "அறுபத்து ரெண்டு பேர் துரை. இன்னிக்கு மூணு பேருக்குக் காய்ச்சல்" என்றாளாம். பிறகு எந்தக் கேள்விக்கும் பிள்ளைகளே பதில் சொன்னார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கணக்கில் பதினாறாம் வாய்பாடு வரை போனார்கள். எல்லாப் பாடசாலைகளிலும் வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கிறார், பிள்ளைகள் ஊமையாக இருக்கிறார்கள், இங்கேதான் தலைகீழாக இருக்கிறது என்று துரை அறிக்கையில் எழுதினார். மலாய் நாட்டில் தாம் பார்த்த மிகச் சிறந்த தோட்டப் பாடசாலை என்றும் எழுதினார். அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு முறை.

நான்கு மணி அடித்ததும் நாகையா வாய் திறந்தார். முதலில் சொன்னது என் பெயரை.

"எல்லாம் தம்புசாமி அண்ணன் குடுத்த தாள்தாங்க துரை. ஒண்ணு விடாம வச்சிருக்கேன்" என்று சொல்லி, நூல் போட்டுக் கட்டிய கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். துரை ரயிலில் அதைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். மறுநாள் மற்ற வாத்தியார்களின் தாள்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். என்னை மாட்டிவிட்டது விரோதி யாரும் இல்லை. ஒரு மனிதரின் நன்றி.

விசாரணை தொடங்கிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காலை நாகையாவும் வள்ளியம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். வீரம்மா கோப்பி கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"அண்ணே, ஆபீஸ்ல சொல்றாங்க, எனக்கு மட்டும் வேற தாளாம். நெசமா?"

"நிஜம்தான்."

"ஏண்ணே?"

"விசேஷப் பயிற்சி" என்றேன்.

நாகையா தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். வள்ளியம்மா என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள். அந்தப் பெரிய குரல் அன்று சின்னதாக வந்தது.

"அப்ப என்னயக் கட்டுனதும் இல்லைன்னு சொல்ல முடியாமத்தானா?"

"இல்ல புள்ள" என்று நாகையா உடனே நிமிர்ந்தார். "அந்தத் தாளு நவம்பரோட முடிஞ்சுபோச்சு. ஒங்க அண்ணன் கேட்டது டிசம்பர் அஞ்சாந் தேதி. அன்னிக்கு நான் என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்லா."

"அப்புறம் ஆடு மட்டும் ஏன் தை மாசம் வரைக்கும் இருந்துச்சு?"

"ஆட்டை அவுக்கத்தானே நீ தெனம் சாயங்காலம் வந்தே."

வள்ளியம்மா ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் போன பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இன்றோடு ஆறு நாள். நான் எழுதிய பயிற்சிகளிலேயே மிகக் கடினமானதை அவள் தாள் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு மாதம் ஒரு நல்ல வாத்தியாருக்குப் பொய்த் தாள் எழுதிக் கொடுத்தேன். அவர் ஊர் சிரிக்க வேண்டும், வேலை போக வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைப் பயிற்சியை நாகையா நடத்துவார் என்றும், நானும் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும் என்றும் உத்தரவு வந்திருக்கிறது. உட்காருகிறேன்.

கடைசியாக, நாகையாமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கிடையாது. 1931ஆம் ஆண்டு ஜூன் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, நான் கரும்பலகையில் 'முயற்ச்சி' என்று எழுதியபோது, மூன்றாம் பெஞ்சின் இடது ஓரத்திலிருந்து அவர் எழுந்து, முப்பத்து மூன்று பேருக்கு முன்னால், "அண்ணே, ஒரு 'ச்' கூட இருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நான் திரும்பி அந்த எழுத்தை அழித்தேன். அழித்த கையோடு அதை அங்கேயே மறந்தும்விட்டேன்.