பொட்டு வைத்த கணினியும் நில்லாமல் போன படங்களும்: மவுறீன் அம்மையாருக்கு எம் பாராட்டு

கடல் புகுந்தபோதும் கலங்காது, கரண்ட் போனபோதும் களைக்காது கடமை செய்த கணினிப் பொறுப்பாளரே, வாவிக்கரை வாழ்த்தும் எங்கள் மவுறீன் அம்மையாரே, வணக்கம்.

தட்டச்சுப் பொறியில் தொடங்கிக் கணினியில் நிறைவுறும் உங்கள் சேவைக்காலத்தில், நீங்கள் உட்கார்ந்திருந்ததை யாரும் முழுமையாகக் கண்டதில்லை. நீங்கள் நடந்து நடந்தே மேல்மாடி ஓர் அங்குலம் இறங்கிவிட்டதாகப் பொறியியலாளர் ஒருவர் அளந்து சொன்னார், நாங்கள் மறுக்கவில்லை.

சுனாமிக்குப் பின், எங்கள் கல்வித் திணைக்களத்தின் கல்லடி அலுவலகத்துப் பழைய சேர்வர் கணினிக்குள் கரையோரப் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் மிஞ்சின. அதன் மூடியைத் திறந்தபோது உள்ளே ஓர் இறால் இருந்ததாகச் சொல்வார்கள். அது பொய், இரண்டு இருந்தன. எங்களோடு வேலைசெய்யும் மங்கையற்கரசி அக்காவின் மகன் ஜெயரூபனையும், வீட்டிலிருந்த படங்களையும் அலை சேர்த்தே கொண்டுபோயிருந்தது. அவன் முகம் எஞ்சியிருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டுமே.

யுத்தம் மீண்டும் மூண்ட நாட்களில் அந்தப் பெட்டி பழுதாகி முனகத் தொடங்கியது. படங்களைக் கண்டியிலுள்ள புதிய சேர்வருக்கு அனுப்ப, நகர அலுவலகத்திலிருந்து நீங்கள் முயன்றபோதெல்லாம் வாகரைப் பக்கம் ஷெல் விழும், இங்கே இணைப்பு விழும், பிரதியும் பாதியில் நிற்கும். கடைசியில் கல்லடிச் சேர்வருக்குள்ளேயே 'செஷன்' எனும் ஓர் அமர்வைத் திறந்து வேலையை அதனிடம் ஒப்படைத்தீர்கள். இங்கே திரை அணைந்தாலும் அங்கே அது தன்பாட்டில் நடக்கும், பிறகு வந்து விட்ட இடத்தில் பிடிக்கலாம் என்றீர்கள். ஒருவரும் நம்பவில்லை.

ஆயுத பூசை வந்தது. எல்லா மெசினும் ஆறவேண்டும் என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார் பிரதம லிகிதர் நல்லரத்தினம் ஐயா. படங்கள் பாதியில் நின்றுவிடும் என்று அக்கா அழுதார். நீங்களோ, "நிப்பாட்டுங்க ஐயா, பொட்டையும் வடிவா வையுங்க. வேலை இதுக்குள்ள இல்ல, கல்லடியில நடக்குது. அந்த அறையப் பூட்டின திறப்பு என்ட பேக்குக்குள்ள இரிக்கு, அங்க ஒருத்தரும் போய் நிப்பாட்ட ஏலா" என்றீர்கள்.

பொட்டு வைத்த கணினியை மறுநாள்வரை தொடக்கூடாது. படங்கள் போகின்றனவா என்று பார்க்க வழியில்லை. நீங்கள் விறாந்தையில் நடந்தீர்கள். பின்னால் அக்கா நடந்தார், அவருக்குப் பின்னால் நாங்கள் நடந்தோம், பூசை முடித்த ஐயரும் காரணம் கேளாமல் எங்களோடு நடந்தார். அவல் அப்படியே கிடந்தது.

விஜயதசமிக் காலை கணினியைப் போட்டு அமர்வைப் பிடித்தீர்கள். கறுப்புத் திரையில் படப்பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பகலோடு ஓட்டம் முடிந்தது. அடுத்த வாரம் நின்ற கல்லடிப் பெட்டி பிறகு எழவேயில்லை.

கண்டிச் சேர்வரிலிருந்து ஜெயரூபனின் படத்தைத் திறந்து காட்டினீர்கள். நெடுநேரம் பார்த்திருந்த அக்கா, "சிரிச்சிரிக்கான், மவுறீன். இத நான் மறந்து பெயித்தன்" என்றார்.

அம்மையாரே, நெடிய ஆயுளும் நோயில்லா உடலும் நிம்மதியான நித்திரையும் கர்த்தர் உங்களுக்கு அருள்வாராக. யுத்தம் ஓய்ந்து பாதை திறந்த இவ்வாண்டில், மாங்கேணியிலிருந்தும் தாய்மார் படம் தேடி வருகிறார்கள். ஓய்வுபெற்றபின், நாளை முதல் யார் காட்டுவது என்று நீங்கள் தவிக்க வேண்டாம். மங்கையற்கரசி அக்கா பழகிவிட்டார். வருகிறவர்களை முதலில் கதிரையில் இருத்திவிட்டுத்தான் படத்தைத் திறக்கிறார்.

என்றும் உங்கள் அன்பில்,
அலுவலக உத்தியோகத்தர்கள்,
மட்டக்களப்பு, 2009.