முதலில் இறங்கச் சொன்ன தேரோட்டி

இந்த அவைக்குத் தலைவராக வீற்றிருக்கும் ஐயா அவர்களே, இந்தப் பட்டறையின் முதலாளி அவர்களே, இருவரும் ஒருவரே என்பதால் இரட்டை வணக்கம். நரைத்தும் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைக்க மறந்து வந்த தாய்மார்களே, அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு நானும் கல்வியும் பிரிந்தோம். நட்டம் கல்விக்குத்தான். நான் பேசும்போது பெய்த மழை பாதியில் நின்று கேட்டிருக்கிறது. பின்வரிசையில் யாரோ, "அளந்து விடுறாருப்பா" என்கிறார். அளக்கிறேன் ஐயா, குறையில்லாமல் அளக்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, போர்க்களத்தில் கண்ணனின் வியூகம். பகலவனை மறைத்தான் என்பார்கள். பாம்புக்கணை பறந்து வந்தபோது தேரைப் பெருவிரலால் மண்ணுக்குள் அமுக்கினான் என்பார்கள். எல்லாம் சரி. என் நெஞ்சு பதறுவது கடைசி நாளில்.

தேரோட்டி முதலில் இறங்குவான், வீரன் பிறகு இறங்குவான். அதுதான் முறை. அன்று கண்ணன் கடிவாளத்தை விடவில்லை. "நீ முதல்ல இறங்கு மாப்ளே" என்றான்.

வென்ற வில்லாளிக்கு முகம் சுண்டியது. "என்ன மச்சான், ஜெயிச்ச அன்னிக்கா இப்படி?"

"இறங்கு. அப்புறம் பேசலாம்."

அவன் இறங்கினான். பின்பு கண்ணன் இறங்கினான். மறுகணம் தேர் திகுதிகுவென எரிந்தது. கொடி போயிற்று, குடை போயிற்று, நுகம் போயிற்று. எதிரியின் கணைகள் எப்போதோ எரித்து முடித்த தேர் அது. ஓட்டியவன் உட்கார்ந்திருந்ததால்தான் தேராக நின்றது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குக் கண்ணன் சொன்னான்: "சொல்லியிருந்தா வில்லைப் பாத்திருப்பியா, சக்கரத்தைப் பாத்திருப்பியா?"

அது அவமரியாதையா? அதற்காகக் கண்ணனை வேலையைவிட்டு அனுப்பினார்களா? இல்லை என்கிறீர்கள். பிறகு என் தங்கை மகனை ஏன் அனுப்பினீர்கள், தலைவர் அவர்களே?

அதோ, மேடைப் படிக்குக் கீழே எதையோ ஒரு காலால் மிதித்தபடி நிற்கிறானே, அவன்தான். தலைவரின் கார் ஓட்டியவன். போன வாரம் இந்த வாசல் சரிவில் கார் நின்றது. உள்ளே வயதான விருந்தாளிகள். ஓடிவந்து கதவு திறக்க வேண்டியவன் இருக்கையை விட்டு அசையாமல், "சார், நீங்க எல்லாரும் முதல்ல இறங்குங்க" என்றான். தலைவர் தாமே கதவைத் திறந்து, விருந்தாளிகளை இறக்கி, திரும்பியும் பாராமல் மாடியேறினார். மாலையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். விருந்தாளி முன்னால் திமிராம்.

வாசல் காவலரே, என்ன முணுமுணுக்கிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கட்டும்.

"கைபிரேக்கு நிக்கலைங்க. காலு பிரேக்கும் முக்கி மிதிச்சாத்தான் பிடிச்சுது. தம்பி காலை எடுத்திருந்தா வண்டி உருண்டு ரோட்டு லாரியில மோதியிருக்கும். நான்தாங்க சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன்."

இதை அன்றே சொல்வதற்கென்ன?

"என்னை யாரு கேட்டா?"

கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று நானும் என் தங்கை மகனைத் திட்டினேன். "பிரேக் இல்லைன்னு சொன்னா ஆளாளுக்குக் குதிப்பாங்க மாமா, எல்லாம் வயசானவங்க. சாயங்காலம் சொல்லப் போனேன், பேச விடலை" என்றான். தேரோட்டிக்குக் கோயில் கட்டுவீர்கள், கும்பிடுவீர்கள், கூட்டம் போட்டு என்னைப் பேசவும் சொல்வீர்கள். உங்கள் உயிரைக் காலடியில் பிடித்துவைத்திருந்தவனைப் பேச விடமாட்டீர்களா? இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம்?

முடிக்கிறேன். பேச்சாளன் முதலில் இறங்குவது வழக்கம். இன்று, தலைவர் அவர்களே, நீங்கள் முதலில் இறங்குங்கள். கடைசிப் படியில் ஆணி கழன்று பலகை ஆடுகிறது. அதைத்தான் அவன் மிதித்துக்கொண்டு நிற்கிறான். பயப்படாமல் வாருங்கள், நீங்கள் தரையைத் தொடும்வரை காலை எடுக்கமாட்டான்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. காலை எடுக்காத அவனுக்கு என் வணக்கம்.