ஜங்ஷன் வழியா வேண்டாம் லாலிச்சா

ஜங்ஷன் வழியா வேண்டாம் லாலிச்சா! ஆட்டோவ கால்வாய்க்கரை ரோட்டுலயே விடு. குழி இருந்தா இருக்கட்டும், ஒடையப்போறது என் இடுப்புதானே... இல்ல இல்ல, ஜங்ஷன்ல ஒண்ணுமில்ல. சும்மா. கூட்டமா இருக்கும். சொன்னா கேளேன்.

ஆங், எங்க விட்டேன்... நூலகத்துக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு! நான் என்ன கேக்கறேன், எங்க நூலகத்துல அப்படி என்ன தங்கமா கொட்டிக் கெடக்கு? பீரோ நெறைய பல்லி முட்டை, தொட்டா உதிர்ற புஸ்தகம். இதுக்கு இத்தன பூட்டு! பேரு மட்டும் போட்டா பத்தாதாம். நம்பரு வேணுமாம். அப்புறம் ஒரு கோணக்கொம்பு எழுத்து வேணுமாம். என் பேரப் போட்டேன், 'பலவீனமானது'ன்னு சொல்லுதுடா! சந்திரிகா பலவீனமா? வீட்ட விட்டு வெளிய வர முடியாத பொம்பளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் தோள்ல பை போட்டுக்கிட்டு வீடு வீடா புஸ்தகம் கொண்டு போறவடா நான். இந்தப் பக்கத்து நாயெல்லாம் என்னப் பாத்தா எந்திரிச்சு வழி விடும். என்னப் பாத்து பலவீனமாம்!

நிறுத்து நிறுத்து. அன்னம்மா டீச்சர் வீடு. ஹாரன் அடி... டீச்சரே! வேலிக்கு மேலயே வாங்கிக்கோங்க, எறங்க நேரமில்ல. அந்தக் கொலைக்கதைதான், நீங்க கேட்டது. கொலைகாரன் அந்த வக்கீல்... அய்யோ, சரி, சரி, காதப் பொத்திக்கோங்க, சொல்லல!

போ போ, வேகமாப் போ. டீச்சருக்குக் கோவம் வந்தா கல்லெடுப்பாங்க.

ஏண்டா, மூஞ்சி ஏன் இப்படி உம்முன்னு இருக்கு? வீட்டுல ரீத்தம்மா இன்னும் பேசலையா? ஞாயித்துக்கெழமைலேந்து சோறே போடலையாமே? இன்னைக்கும் சோத்துக்குப் பதிலா கடைப் பழம்பொரிதானா? அய்யோ பாவம். என்னடா சந்தேகம் அவளுக்கு உம்மேல? ...ம். ...ம். சரி விடு, விடு. எல்லாம் சரியாயிடும். நானே வந்து பேசறேன் அவகிட்ட. நான் பேசினா சரியாயிடும். எப்படித் தெரியும்னா... தெரியும்டா, நீ ரோட்டப் பாரு!

அந்தப் பாலத்துக்கிட்ட எடதுபக்கம் திரும்பு. ஆமா, சுத்துதான். சுத்தட்டும்.

அதுக்குள்ள ஒரு கதை சொல்றேன் கேளு. அதோ உன் முன்னாடி, மாதா படத்துக்குக் கீழ வெச்சேன் பாரு ஒரு செவப்புத் தடிப் புஸ்தகம், அது ரெண்டாம் பாகம். தங்கமணியம்மாவுக்குக் கொண்டு போறது. நான் சொல்றது முதல் பாகத்துக் கதை. சும்மா பொழுதுபோக்குக்குத்தான். ஆனா மனசுல வெச்சுக்க. யாராவது கேட்டா சொல்ல வேணாமா... யாரு கேப்பாங்களா? யாராச்சும் கேப்பாங்கடா, ஒலகம் பெருசு.

ஒரு படகுத்துறை. அங்க ஒருத்தன் சாயாக்கடை வெச்சிருக்கான். பொண்டாட்டிய அடிச்சு வெளிய தள்ளிட்டான். அவ அழுதுட்டு அம்மா வீட்டுக்குப் போனாளா? போகல. அதே துறையில, அவன் கடைக்கு நேர் எதிர்ல, ஒரு ஓலைக் கொட்டகை போட்டு அவளும் சாயாக்கடை தொறந்துட்டா! படகுலேந்து எறங்கறவன் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தவிக்கறான். இங்க குடிச்சா அவன் மொறைப்பான், அங்க குடிச்சா இவ மொறைப்பா. சில பேரு பயந்துக்கிட்டு ரெண்டு கடையிலயும் குடிச்சுட்டு ஒண்ணுக்கு அடக்க முடியாம படகுல நெளியறாங்க... சிரிக்கற பாத்தியா! சிரிடா, நல்லா சிரி. இப்படியே வருஷம் ஓடுது. ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த பேசறதில்ல. அப்புறம் வெள்ளம் வருது. அவன் கடை அடிச்சுட்டுப் போயிடுது. கூரை மட்டும் மெதந்து மெதந்து, சுத்திச் சுத்தி, நேரா அவ வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நிக்குது. கூரை மேல அவன். நனைஞ்ச கோழி மாதிரி. அவ வெளிய வர்றா. கையில துடுப்ப எடுக்கறா...

அதோட முதல் பாகம் முடிஞ்சுது.

ஏன் வண்டி இப்படி ஊர்ந்து போகுது? பின்னாடி லாரிக்காரன் திட்டறான், ஓட்டுடா! இழுத்துக் காப்பாத்தினாளா, அடிச்சுத் தள்ளினாளான்னு கேக்கறியா? அது ரெண்டாம் பாகத்துல. நான் சொல்ல மாட்டேன். டீச்சர்கிட்ட வாய விட்டுட்டேன், பத்தாதா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆன்லைன் இருக்கே, இது வந்ததுலேந்து புஷ்பாங்கதன் சாருக்கு ஒரே கொண்டாட்டம். அந்த ஆளத் தெரியும்ல? நூலகக் கமிட்டித் தேர்தல்ல தோத்த அணி. 'சந்திரிகாவுக்குக் கரண்டிதான் புடிக்கத் தெரியும், கம்ப்யூட்டர் எங்க தெரியும், அந்த வேலைய என் மச்சினிச்சிக்குக் குடுங்க'ன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்றான். எல்லாரும் சிரிக்கறாங்கடா. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. இந்தப் பையும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுக்காரரோட மொகத்தயே நாள்பூரா பாத்துட்டு ஒக்காந்திருப்பேனா?

கத்துக்கறேன்னு வைராக்கியமா எறங்கினேன். தாலுக்காலேந்து ஆதிரான்னு ஒரு பொண்ணு வந்து சொல்லிக் குடுத்துச்சு. நல்ல பொண்ணு. பேசறதுதான் ரயில் மாதிரி. 'ஒரு உறுப்பினர் பேர எடுத்து, புஸ்தகம் குடுத்ததா அமுக்குங்க சேச்சி, திருப்பி வாங்கினதா அமுக்குங்க, பழகப் பழக வந்துடும்'னுச்சு. யாரு பேருல பழகறது? டீச்சர் பேருல பழகி ஏதாவது கொளறிட்டா டீச்சர் என்னக் கொளறிடுவாங்க. தங்கமணியம்மாவுக்கு இதயம் பலவீனம். அப்போ நான் யோசிச்சேன்... சாகற வரைக்கும் ஒரு புஸ்தகத்தத் தொடவே மாட்டான்னு நம்பக்கூடிய ஆள் யாருன்னு.

வலது பக்கம், வலது பக்கம். அந்தத் தென்னமரத்துக்கிட்ட.

நீ எங்க நூலகத்து மெம்பர்தானே லாலிச்சா? மறந்துட்டியா? தேர்தலுக்கு மொத நாளு, ஜெயிச்ச அணி விஜயப்பன் சார் பரோட்டாவும் மாட்டுக்கறியும் வாங்கிக் குடுத்து ஒங்க ஆட்டோ ஸ்டாண்டையே மெம்பராச் சேத்தாரே! ஓட்டுப் போட்டீங்க, ஏப்பம் விட்டீங்க, வந்துட்டீங்க. அதுக்கப்புறம் யாராச்சும் அந்தப் படி ஏறினீங்களா?

அதான். உன் பேருல பழகினேன்.

கோவப்படாத! முழுசாக் கேளு. போன்ல ஒரு புஸ்தகம் குடுத்ததா அமுக்கினா, பச்சைக் கலர்ல ஒரு சரி அடையாளம் வரும்டா. டிங்குன்னு ஒரு சத்தம். 'வாழ்த்துக்கள்'னு எழுத்து வரும். என்னய யாருடா இதுவரைக்கும் வாழ்த்தியிருக்கா? மீன் கொழம்பு கொதிக்கும், இங்க டிங். சீரியல் ஓடும், இங்க டிங். தேனீ வளர்ப்புல ஆரம்பிச்சேன். அப்புறம் சரித்திரம், கவிதை, ரஷ்யாக்காரன் நாவல்... கைய நிறுத்த முடியலடா. டிங், டிங், டிங்.

அது பழகறதுன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? நெசம்னு எடுத்துக்கிச்சு. ஒவ்வொண்ணுக்கும் உன் போனுக்கு மெசேஜ் வேற அனுப்பியிருக்கு. நீ எங்க பாக்கற அதையெல்லாம்... ரீத்தம்மா பாத்திருக்கா.

'லாலிச்சன் அவர்களே, நீங்கள் எடுத்த தலைப்பிரசவம் தாய்க்கொரு வழிகாட்டி என்ற நூலை...'

அய்யோ! ப்ரேக்க இப்படியா போடுவே! மூக்கு போயிருக்கும் எனக்கு!

தெரியும்டா, தெரியும். உன் எளையவனே காலேஜுக்குப் போறான், இப்ப யாருக்குத் தலைப்பிரசவம்னு அவ கேக்கத்தான் செய்வா. நானும் அத ஒரு தடவ எடுத்ததோட விட்டிருக்கலாம். திருப்பித் தர்ற தேதிய நீட்டிக்கறது எப்படின்னு கத்துக்கறதுக்கு அந்தப் புஸ்தகமா கெடச்சுது எனக்கு? நீட்டிச்சேன். மறுபடி நீட்டிச்சேன். இன்னைக்கே போய் ரீத்தம்மா கால்ல விழறேன், சத்தியம். அந்த மாதா மேல சத்தியம்.

ஆனா மோனே, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்ன வேலை. வண்டிய எடு. எடுடா, என் ராசா இல்ல! அந்த வளைவு வரைக்கும்தான்.

தாலுக்கா முழுக்கக் கணக்குப் பாத்திருக்காங்க. யாரு ரொம்பப் படிச்சதுன்னு. நீதான். தாலுக்காவிலேயே சிறந்த ஆன்லைன் வாசகர். உண்மையச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள விஜயப்பன் சார் பொன்னாடையே வாங்கிட்டாரு. 'பாத்தியா, நம்ம அணி சேத்த தொழிலாளித் தோழர்!'னு கண்ணுல தண்ணி வுட்டாரு. இப்ப நான் சொன்னேன்னு வெச்சுக்க, நூலகத்து மானம் போச்சு, என் பையும் போச்சு, மச்சினிச்சி வந்து ஒக்காருவா. அதனால நீ மேடைல பத்து நிமிஷம் ஒக்காந்துட்டு வா. யாராச்சும் கேட்டா அந்த சாயாக்கடைக் கதையச் சொல்லு. பையில வெள்ள வேட்டி இருக்கு, எங்க வீட்டுக்காரரோடது. சீப்பும் இருக்கு.

செண்டை மேளமா? ஆமா, உனக்குத்தான். அந்த ஃப்ளெக்ஸா... ஜங்ஷன்ல மட்டும்தான் வெப்பாங்கன்னு நெனச்சேன், இங்கயும் ஒண்ணு கட்டிட்டாங்க! ஆமா, நீதான் அது. கண்ணாடி நான் சொல்லலடா, படிச்சவன் மாதிரி இருக்கட்டும்னு அந்தக் கடைக்காரனே வரைஞ்சுட்டான்.

டேய்... ஏன் எறங்கற? இந்தப் பக்கம்டா மேடை! டேய் லாலிச்சா! சாவி வண்டியிலயே இருக்கு! வரப்புல ஓடாத, வழுக்கும்!

ஒண்ணுமில்ல விஜயப்பன் சார், ஒண்ணுமில்ல! கூச்சம்! நெறையப் படிச்சவங்க அப்படித்தான், மாலையப் பாத்தா ஓடுவாங்க! என்ன? கேக்கலையா? மேளம்! மேளத்துல ஒண்ணும் கேக்கல! நீங்க அடிங்கப்பா, அடிங்க!

அவன் கக்கத்துல என்னது அது? செவப்பா... மாதா படத்துக்குக் கீழ... காணோமே! ரெண்டாம் பாகம்! துடுப்பு! அய்யோ என் கண்ணே, மிச்சக் கதையப் படிக்க ஓடறியா? ஓடு, ஓடு! தங்கமணியம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்! இரு, போன எடுக்கறேன், இதோ அமுக்கறேன்... டிங்! டேய் லாலிச்சா, கேக்குதா? சிறந்த வாசகரே! இத்தன புஸ்தகத்துல இது ஒண்ணுதாண்டா நெசமா நீ எடுத்தது!

...என்ன, மேளத்த நிறுத்திட்டீங்க?

...ஓ. புஷ்பாங்கதன் சார். நீங்க என் பின்னாடியேதான் நின்னுட்டு இருந்தீங்களா?